பழைய மணிப்பெட்டியை நேரத்துக்கு ஓட வைப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பழைய தமிழ்ப்பள்ளி அலுவலகத்திலோ செம்பனை ஆலையின் வாசல் அறையிலோ ஒரு தகரப் பெட்டி சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம். முகப்பில் சிவப்பு எண்கள், உள்ளே ஒரு போர்டு, சில ஐசி (மின்சுற்றுச் சில்லு), ஒன்றிரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). பின்பக்கமிருந்து மணிக்கோ சைரனுக்கோ வயர் போகும். ஒரு காலத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, ஆள் கூட்ட மணி அடிக்கத் தனி ஆள் இருந்தார். பிறகு அந்த வேலையை 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட இந்த மின்னணுக் கடிகாரப் பெட்டிகள் எடுத்துக்கொண்டன.

இவற்றைப் பற்றி வரும் புகார் எப்போதும் ஒன்றுதான். "மணி முந்தி அடிக்குது", இல்லாவிட்டால் "பிந்தி அடிக்குது". உடனே யாராவது நாற்காலி போட்டு ஏறி, கைத்தொலைபேசியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு இறங்குவார். சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி. இப்படியே சில வருடம் போனால், "பெட்டி பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று கூட்டத்தில் முடிவாகும்.

பெரும்பாலான பெட்டிகளுக்கு அந்தக் கதி தேவையே இல்லை. கனமான டிரான்ஸ்ஃபார்மர், தாராளமாக இடம் விட்டுப் போட்ட போர்டு, கையால் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள் என்று பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்துச் செய்த பொருள்கள் அவை. அவற்றில் கோளாறு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வேகத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம். அந்த வேகத்தை யாரும் அளப்பதில்லை. நேரத்தை மட்டும் திருப்பித் திருப்பி வைக்கிறார்கள். அளக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். மின்னணுவியல் தெரியாதவருக்கும் புரியும்படி இதை விளக்கிப் பார்க்கிறேன்.

பிழை வேறு, ஓட்டம் வேறு

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதுவரை உலகப் பொது நேரத்தைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தோம். அன்றிலிருந்து 8 மணி. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் ஆனது. தோட்டங்களில் பெரியவர்களைக் கேட்டால் விடியாத காலையில் வேலைக்குப் போகவேண்டி வந்ததை இன்றும் சொல்வார்கள். அன்றைக்குக் கடிகாரங்களையெல்லாம் அரை மணி திருப்பி வைத்தார்கள். ஆனால் திருப்பி வைத்ததால் எந்தக் கடிகாரமும் முன்னைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடிவிடவில்லை. நாளுக்கு ஐந்து விநாடி முந்திக்கொண்டிருந்த கடிகாரம் புதிய நேரத்திலும் நாளுக்கு ஐந்து விநாடி முந்திக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். இந்த நொடியில் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது பிழை. அந்த விலகல் நாளுக்கு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது ஓட்டம். பொத்தானை அழுத்தி நேரம் வைக்கும்போது பிழை சுழியமாகிறது. ஓட்டம் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் நாற்காலி போட்டு ஏறும் வேலை முடிவில்லாமல் தொடர்கிறது.

ஓட்டத்தைச் சொல்ல ஒரு வழக்கமான அளவு உண்டு: பிபிஎம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு நாளில் 86,400 விநாடி. ஆகவே ஒரு பிபிஎம் வித்தியாசம் நாளுக்கு 0.0864 விநாடி, வருடத்துக்கு ஏறக்குறைய 32 விநாடி. கடிகாரத்துக்குள் சீராக அதிர்ந்து வேகத்தைத் தீர்மானிக்கும் சாதாரண கிரிஸ்டல்கள் 20 பிபிஎம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்ற உத்தரவாதத்தோடுதான் விற்கப்படுகின்றன. அந்த 20 பிபிஎம் என்பது நாளுக்கு 1.7 விநாடி; மாதத்துக்கு 52 விநாடி. பள்ளி ஒரு தவணை முடிப்பதற்குள் மணி இரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளி அடிக்கும். பாருங்கள், பெட்டியில் எதுவும் கெடவில்லை. எல்லாப் பாகமும் விற்றவர் சொன்ன எல்லைக்குள்தான் வேலை செய்கிறது. ஆனாலும் மணி தப்பாக அடிக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தினமும் தவறாமல் மூன்று விநாடி முந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம். இன்றைக்கு ஒரு விநாடி முந்தி, நாளைக்கு இரண்டு விநாடி பிந்தி, மறுநாள் சரியாகக் காட்டுவதுதான் தொல்லை பிடித்தது. முதலாவதை ஒரு திருகாணியால் திருத்திவிடலாம். இரண்டாவதற்கு முதலில் காரணம் தேட வேண்டும்.

உள்ளே எண்ணுவது எது?

எந்த மின்னணுக் கடிகாரமும் எதையோ எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்துப் பழைய பெட்டிகள் இரண்டு வகை.

முதல் வகை சுவர் மின்சாரத்தை எண்ணும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 முழு அலையாக வருகிறது; இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். ஐம்பது எண்ணினால் ஒரு விநாடி. நேஷனல் செமிகண்டக்டரின் எம்எம்5314 போன்ற 1970களின் கடிகார ஐசிகள் இப்படித்தான் வேலை செய்தன. இந்த வகைப் பெட்டியில் திருப்புவதற்குத் திருகாணி எதுவும் இருக்காது, ஏனென்றால் வேகம் மின்நிலையத்தின் கையில் இருக்கிறது. மின்சாரம் ஒரு மணி நேரம் 49.9 ஹெர்ட்ஸில் ஓடினால் கடிகாரம் 7.2 விநாடி பிந்தும். அதேபோல் கூடுதலாக ஓடும்போது முந்தும். தோட்டத்துக்கென்று சொந்த ஜெனரேட்டர் ஓடும் இடங்களில் இது பெரிய விஷயம். ஜெனரேட்டர் 51 ஹெர்ட்ஸில் ஓடினால் மணிக்கு 72 விநாடி முந்திவிடும். அப்புறம், 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த பெட்டியை இங்கே மாட்டி, உள்ளே இருக்கும் 50/60 இணைப்பை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் பிந்தும். பத்து நிமிடக் கணக்கில் தப்பும் பெட்டியைப் பார்த்தால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள்.

இந்த வகை திடீர் திடீரென்று முந்தினால் வேறொரு காரணமும் இருக்கும். பக்கத்தில் பெரிய மோட்டாரோ வெல்டிங் இயந்திரமோ இயங்கும்போது மின்கம்பியில் கூர்மையான துடிப்புகள் ஏறும். ஐசி அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். ஐசியின் எண்ணும் காலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரும் (மின்தடை) ஒரு கப்பாசிட்டரும் (மின்தேக்கி) சேர்ந்த வடிகட்டி போட்டு, கலங்கிய அலையைத் தெளிவான துடிப்பாக்கும் ஷ்மிட் டிரிகர் கேட் வழியாக அனுப்பினால் அது பெரும்பாலும் அடங்கும். கரண்டு போகும் நேரத்தில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் மாற்று ஏற்பாட்டையும் நம்ப முடியாது. அப்போது ரெசிஸ்டர், கப்பாசிட்டர் இரண்டை வைத்து உத்தேசமாகத்தான் எண்ணும். ஒரு மணி நேர மின்தடைக்கே நிமிடக் கணக்கில் விலகலாம்.

இரண்டாவது வகைக்குள் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். இந்தக் கட்டுரை அதிகமும் இதைப் பற்றித்தான். போர்டில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய உலோக உருளை ஒன்று இரண்டு மெல்லிய கால்களோடு நின்றால் அது 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலாக இருக்கலாம். அதன் உள்ளே இருப்பது இசைக்கவை வடிவத்தில் வெட்டிய குவார்ட்ஸ். மின்சாரம் கொடுத்தால் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று வரும். அதற்காகவே அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. பல போர்டுகளில் 4060 என்ற ஐசி இந்த வகுத்தலைச் செய்யும். அது பதினான்கு முறைதான் வகுக்கும், ஆகவே விநாடிக்கு இரண்டு துடிப்பு கிடைக்கும். மிச்சமிருக்கும் ஒரு முறைக்கு அடுத்து இன்னொரு ஐசி. பல சுவர்க் கடிகாரங்களை நடத்தும் பெரிய மாஸ்டர் கடிகாரங்களில் சற்றுப் பெரிய தட்டையான உலோகக் கூட்டுக்குள் 4.194304 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். அதை இருபத்திரண்டு முறை வகுக்க வேண்டும். வெயில், குளிருக்கு அது குறைவாகவே அசையும். அப்படி ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் கழற்றாமல் பாதுகாத்து வையுங்கள்.

அளப்பது

ஓட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறுமை இருந்தால் கைத்தொலைபேசி போதும்.

மலேசியாவின் நேரத்துக்குப் பொறுப்பு சிரிம் என்ற தர, ஆய்வு நிறுவனத்தின் கீழ் இயங்கும் தேசிய அளவியல் கழகம். சிப்பாங்கில் சீசியம் அணுக் கடிகாரங்களை வைத்து மலேசிய நேரத்தைக் காக்கிறார்கள். இணையம் வழியாக நேரம் எடுக்கும் கைத்தொலைபேசி வழக்கமாக ஒரு விநாடிக்குள் சரியாக இருக்கும். விநாடி ஓடுவது தெரியும்படி ஒரு நேரப் பக்கத்தைத் திறந்து, பெட்டியின் எண்களுக்குப் பக்கத்தில் பிடித்து, இன்னொரு தொலைபேசியால் இரண்டும் தெரிய வீடியோ எடுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால், பெட்டியில் விநாடி மாறுவதற்கும் தொலைபேசியில் மாறுவதற்கும் எத்தனை படம் இடைவெளி என்று எண்ணலாம். விநாடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் ஒரு படம் 0.03 விநாடி. கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட இது பல மடங்கு துல்லியம்.

ஒரு திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் பெட்டி 2.4 விநாடி முந்தி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. அடுத்த திங்கள் அதே நேரம் பார்த்தால் 14.5 விநாடி முந்தி நிற்கிறது. ஏழு நாளில் கூடியது 12.1 விநாடி. ஏழு நாள் என்பது 6,04,800 விநாடி. 12.1-ஐ அதால் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 20. உங்கள் பெட்டி 20 பிபிஎம் வேகமாக ஓடுகிறது.

ஏன் ஒரு வாரம்? அளப்பதில் நாம் அரை விநாடி தவறினாலும் அது ஏழு நாளுக்குப் பரவும்போது ஒரு பிபிஎம்கூடத் தேறாது. அதே அரை விநாடித் தவறு ஒரு மணி நேர அளவையில் வந்தால் 139 பிபிஎம் என்று பொய்க் கணக்குக் காட்டும். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் அளந்து திருகாணியைத் திருப்புகிறவர்கள் கிரிஸ்டலைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு தங்கள் கண்ணின் தவறைத் திருத்துகிறார்கள். அதே காலை நேரத்தில் அளக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பகலிலும் இரவிலும் பெட்டியின் சூடு வேறு. நாள் முழுதும் ஓடிய சராசரிதான் நமக்கு வேண்டும்.

அலைவெண் அளக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கருவியின் முனையை நேராகக் கிரிஸ்டலின் காலில் வைக்காதீர்கள். அந்த முனையே சில பிகோஃபாரட் (கப்பாசிட்டரின் கொள்ளளவை அளக்கும் சிறு அலகு) சுமையைக் கூட்டி, அளக்கும் நேரத்தில் வேகத்தை மாற்றிவிடும். வகுத்து முடிந்து வெளியே வரும் காலில் அளந்தால் கிரிஸ்டலுக்குத் தொந்தரவில்லை.

சூடு என்ன செய்கிறது?

32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு 25 டிகிரி செல்சியஸ் அளவில்தான் அதிக வேகம். அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். எவ்வளவு மெதுவாகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: 25 டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ அதன் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் பிபிஎம் கிடைக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே, மேற்கு பார்த்த சுவரில் ஒரு பெட்டி. மத்தியானம் உள்ளே 40 டிகிரி ஏறும் என்றால் 15 டிகிரி விலகல். 15-இன் வர்க்கம் 225; அதை 0.034-ஆல் பெருக்கினால் 7.65 பிபிஎம். அந்தச் சூடு நாள் முழுக்க இருந்தால் நாளுக்கு 0.66 விநாடி பிந்தும். 45 டிகிரிக்குப் போனால் 13.6 பிபிஎம், அதாவது நாளுக்கு 1.2 விநாடி. ஐந்து டிகிரி கூடியதற்கே இழப்பு இரட்டிப்புக்குப் பக்கத்தில் போகிறது. வர்க்கத்தின் குணம் அது. அதனால் பெட்டியை வெயில் படாத சுவருக்கு மாற்றுவதும், உள்ளே சூடாகும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிரிஸ்டலைத் தள்ளி வைப்பதும் காசில்லாத மருந்து.

நம் ஊருக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நான்கு பருவம் உள்ள நாட்டில் வெயில் காலத்துக்குத் திருத்திய கடிகாரம் குளிர்காலத்தில் தப்பும். பேராக்கின் சமவெளியில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருமுறை இந்த ஊர்ச் சூட்டுக்கு ஒழுங்காகத் திருத்திவிட்டால் வருடம் முழுக்க அது பக்கத்திலேயே நிற்கும். இதே பெட்டியை மேலே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் அங்கே மறுபடி அளக்க வேண்டும். அதே காரணத்தால், குளிர்சாதன அறையில் மேசைமேல் வைத்துத் திருத்திவிட்டுத் தகரக் கொட்டகையில் மாட்டுவதில் பயனில்லை. எங்கே தொங்கப்போகிறதோ அங்கேயே, மூடியை மூடி, அளந்து திருத்துங்கள்.

திருத்துமுன் துடைப்பது

திருகாணியைத் தொடுமுன் போர்டைச் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். கிரிஸ்டலின் இரண்டு கால்களுக்கு நடுவே ஓடும் மின்சாரம் மிக மிகச் சிறியது. பழைய சாலிடர் பசை, தூசு, நம் ஊர் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரு கசிவுப் பாதை உண்டாகும். மழை நாளில் ஒரு வேகம், வெயில் நாளில் ஒரு வேகம் என்று ஓட்டம் அலையும். நான் மேலே தொல்லை பிடித்த கடிகாரம் என்று சொன்னேனே, அதற்கு அடிக்கடி இதுதான் காரணம். வயர் நுழையும் ஓட்டை வழியே எறும்பு வந்து கூடு கட்டியிருக்கும். பல்லி முட்டையும் எச்சமும் இருக்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் ஒரு பழைய பல்துலக்கியும் எடுத்துக் கிரிஸ்டலைச் சுற்றி மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காய விட்டு, ஓட்டைகளை ரப்பர் வளையத்தால் அடையுங்கள்.

கூடவே பேட்டரியைப் பாருங்கள். மின்தடைக்காக வைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி பழசானால் ஒழுகும். அந்தக் கசிவு போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை பூத்திருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு, இலேசான வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீராலும் ஆல்கஹாலாலும் கழுவ வேண்டும். மின்வழங்கியில் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் செய்ய வேண்டும். பெட்டிக்குள் சுவர் மின்சாரம் வந்து இறங்கும் இடம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பழக்கமில்லாதவர்கள் உரிமம் உள்ள வயர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

திருகாணி

கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் நடுவில் பிளவுள்ள ஒரு சிறு வட்டப் பாகம் தெரிந்தால் அதுதான் டிரிம்மர். அது திருப்பினால் அளவு மாறும் கப்பாசிட்டர். அதன் கொள்ளளவு கூடினால் கிரிஸ்டல் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். பெட்டி முந்துகிறதென்றால் கூட்ட வேண்டும், பிந்துகிறதென்றால் குறைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்பினால் கூடும்? செராமிக் டிரிம்மரில் அதற்கு விதி கிடையாது. அது முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைச் சுற்றில் குறைந்த அளவிலிருந்து அதிக அளவுக்குப் போகும், அடுத்த அரைச் சுற்றில் திரும்பி வரும். எனவே தொடுமுன் பிளவு எந்தத் திசையில் நிற்கிறதென்று மெல்லிய பேனாவால் போர்டில் குறித்துவிடுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிறகு எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, மறுபடி அளக்க வேண்டும். முதல் தடவை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு நாள் அளந்தால் போதும். பக்கம் தெரிந்த பிறகு ஒரு வார அளவைக்குப் போங்கள். பிளாஸ்டிக் அல்லது செராமிக் முனையுள்ள திருப்புளியைப் பயன்படுத்துங்கள். இரும்புத் திருப்புளி பட்டுக்கொண்டிருக்கும் வரை அதுவும் ஒரு கொள்ளளவாகச் சேரும். எடுத்ததும் வேகம் மாறிவிடும்.

டிரிம்மரே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் கிரிஸ்டலின் கால்களிலிருந்து இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் தரைக்கு இறங்கும், பெரும்பாலும் 15-லிருந்து 33 பிகோஃபாரட் வரை ஏதோ ஒன்று. ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 5-லிருந்து 30 பிகோஃபாரட் வரை மாறும் டிரிம்மரைச் சாலிடர் செய்தால் உங்கள் பெட்டிக்கும் ஒரு திருகாணி கிடைத்துவிடும். யாராவது முன்பு கிரிஸ்டலை மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கல் வரலாம். ஒரே 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலே 12.5 பிகோஃபாரட் சுமைக்கு ஒன்று, 6 பிகோஃபாரட் சுமைக்கு ஒன்று என்று வெவ்வேறாகக் கிடைக்கும். பெரிய சுமைக்கான போர்டில் சிறிய சுமைக்கான கிரிஸ்டலைப் போட்டால் மெதுவாக ஓடும்; திருகாணியின் எல்லை முழுதும் திருப்பினாலும் சரிக்கு வராது. அப்போது கிரிஸ்டலைத்தான் மாற்ற வேண்டும். சூடு பட்டால் கெடும் பாகம் அது. சாலிடர் இரும்பைச் சில விநாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். புதுக் கிரிஸ்டல் முதல் வருடத்தில் சில பிபிஎம் தானாக நகரும். ஆகவே வருடம் கழித்து ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

பள்ளி மணிக்கு எவ்வளவு துல்லியம் போதும்? என் கருத்தில் 5 பிபிஎம்முக்குள் கொண்டுவந்தால் நிறுத்திவிடலாம். மாதத்துக்கு 13 விநாடிதான் விலகும். ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் ஒருமுறை நேரம் வைத்தால் யாருக்கும் குறை தெரியாது. ஆலையில் ஷிப்ட் மாறும் சைரன், வேலை நேர அட்டை குத்தும் இயந்திரம் இரண்டும் ஒரே பெட்டியில் ஓடினால் இன்னும் கொஞ்சம் மெனக்கெடுவது நியாயம். அங்கே ஒரு நிமிடம் ஒருவரின் சம்பளத்தைத் தொடுகிறது.

மேலும் துல்லியம் வேண்டுமென்றால்

டிஎஸ்3231 என்ற ஐசி இன்று சிறு பலகையில் பொருத்தி மலிவாகக் கிடைக்கிறது. அதன் உள்ளேயே கிரிஸ்டலும் வெப்பமானியும் உண்டு. சூடு எவ்வளவு என்று பார்த்துத் தன் வேகத்தைத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள் நிற்கும் என்பது தயாரிப்பாளரின் உத்தரவாதம். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதன் ஒரு காலில் 32,768 ஹெர்ட்ஸ் அலை வெளியே வருகிறது. பழைய கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, அந்த அலையைப் பழைய ஐசியின் உள்வாங்கும் காலுக்குக் கொடுத்தால் பெட்டி முழுதும் அப்படியே இருக்க, எண்ணுவதற்கான அலை மட்டும் புதிதாகிவிடும். அந்தக் காலின் மின்னழுத்தம் தானாக மேலே ஏறாது. ஒரு ரெசிஸ்டரால் மின்னழுத்தத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பழைய 4060 பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். டிஎஸ்3231 ஐந்தரை வோல்ட்டுக்கு மேல் தாங்காது, இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பெயருக்குப் பின்னால் எம் எழுத்து வரும் வகை 5 பிபிஎம் கணக்கு. அதுவும் மோசமில்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

இதற்கும் மேலே ஜிபிஎஸ். துணைக்கோள்களில் அணுக் கடிகாரம் இருப்பதால் ஒரு சாதாரண ஜிபிஎஸ் அலைவாங்கியே விநாடிக்கு ஒரு துடிப்பை மைக்ரோவிநாடிக்கும் நுட்பமாகக் கொடுக்கும். வகுக்கும் ஐசிக்குப் பின்னால், ஒரு விநாடித் துடிப்பு வரும் இடத்தில் இதைக் கொடுத்தால் ஓட்டம் என்ற பிரச்சினையே முடிந்துபோகும். ஆனால் ஆன்டெனா தகரக் கூரைக்குக் கீழே எதையும் கேட்காது. வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே போகும் வயரில் இடி மின்னலும் உள்ளே வரும், மின்னல் காப்பு இல்லாமல் போடாதீர்கள். துணைக்கோள் கிடைக்காத நேரத்தில் துடிப்பு நின்றால் பழைய கிரிஸ்டலுக்கு மாறும் ஏற்பாடும் தேவை.

இப்போது மணி என்ன என்பதையும் ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுப்பதானால், இயக்கிய முதல் கால் மணி நேரம் அது சொல்வதை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் 2017-லிருந்து உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் நிற்கிறது. அந்தத் திருத்தத்தைத் துணைக்கோளிலிருந்து பெற 12.5 நிமிடம் வரை ஆகலாம். கையில் பழைய ஜிபிஎஸ் அலைவாங்கி இருந்தால் தேதியையும் சோதியுங்கள். வாரங்களை எண்ணும் கணக்கு 1,024-இல் சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படித் திரும்பியபோது பல பழைய கருவிகள் 1999-க்குப் போய்விட்டன. விநாடித் துடிப்பு மட்டும் போதுமென்றால் அவற்றையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஐரோப்பாவில் செய்த சில மாஸ்டர் பெட்டிகளில் வானொலி வழியாக நேரம் பெறும் ஆன்டெனா இணைப்பு இருக்கும். அது ஜெர்மனியில் 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் சமிக்ஞைக்கானது. சுமார் 2,000 கிலோமீட்டர் வரைதான் எட்டும். பேராக்கில் அதற்கு வேலையில்லை. அந்த இணைப்பைச் சரிசெய்ய நேரம் செலவழிக்காதீர்கள்.

நிமிடக் கணக்கில் தப்பினால்

பெரிய ஆலைகளில் ஒரு மாஸ்டர் பெட்டி பல சுவர்க் கடிகாரங்களை நடத்தும். நிமிடத்துக்கு ஒரு மின்துடிப்பு போகும், பல அமைப்புகளில் 24 வோல்ட். ஒரு நிமிடம் நேர்த்திசையில், அடுத்த நிமிடம் எதிர்த்திசையில். ஒவ்வொரு துடிப்புக்கும் முள் ஒரு நிமிடம் நகரும். இங்கே மாஸ்டர் சரியாக இருந்து, ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும் சரியாக ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ பிந்தி நின்றால் கிரிஸ்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டத்தில் கோளாறு என்றால் விநாடி விநாடியாகத்தான் விலகும், இப்படி முழு நிமிடமாக ஒருபோதும் விலகாது. முழு நிமிடமாக விலகினால் துடிப்பு தவறுகிறது என்று அர்த்தம். தளர்ந்த இணைப்பு, துருப்பிடித்த முனை, நீண்ட வயரில் இறங்கிப்போகும் மின்னழுத்தம் இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

அந்தக் கடிகாரத்தைக் கையால் சரியாக வைத்த அடுத்த நிமிடமே மறுபடி ஒரு நிமிடம் பிந்திவிடுகிறதா? எப்போதும் அதே ஒரு நிமிடம் மட்டுமா? அப்படியானால் யாரோ சுவருக்குச் சாயம் பூசும்போது கழற்றி, வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நேர்த்துடிப்பு வரும்போது அதற்கு எதிர்த்துடிப்பாகத் தெரிகிறது. அசையாமல் அடுத்ததற்குக் காத்திருக்கிறது. இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டு, முள்ளைச் சரியாக வைத்துவிட்டால் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும்.